நூறு சதவீதம் காலி

என் அண்ணன் யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. குடிப்பதில்லை. ஆபீஸ் விட்டால் வீடு, வீடு விட்டால் ஆபீஸ். தெருவில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்றுதான் சொல்வார்கள். அவர்கள் யாரும் அவனோடு ஒரே வீட்டில் இருந்ததில்லை. நான் இருக்கிறேன். சமையலறையை ஒட்டிய அறை என்னுடையது. மருந்துக்கடையில் பகல் முழுக்க நின்றுவிட்டு வந்து அங்கேதான் காலை நீட்டுகிறேன். சுவர் மெல்லிசு. ஆகவே நான் சொல்வது எதுவும் யாரோ சொல்லிக் கேட்டதல்ல.

அண்ணன் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். அங்கே அவனுக்கு 'டாக்டர்' என்று பெயர். யாருடைய மெஷின் படுத்தாலும் இவனைத்தான் கூப்பிடுவார்கள். இவனும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்று கேட்டபடியே போய் உட்காருவான். கேள்வியிலேயே எதிராளி பாதி செத்துவிட வேண்டும். அந்த டாக்டர் பட்டத்தை ஆபீஸிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீட்டுக்கும் கொண்டுவந்தான். வீட்டில் நோயாளிகள் நானும் அண்ணியும்.

அவனுடைய பொழுதுபோக்கு லினக்ஸ், அதாவது கம்ப்யூட்டரை ஓட்ட விண்டோஸுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளும் இலவச மென்பொருள். கம்ப்யூட்டர் வாங்கினால் அதில் விண்டோஸ் இருக்கும், நமக்கு அது போதும். இவனுக்குப் போதாது. ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் இடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் ஒரு வகை லினக்ஸைப் போட்டு வைப்பான். புதிதாக எது வந்தாலும் அதற்கு ஒரு துண்டு உண்டு. இரண்டு வாரம் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவான். நிறத்தை மாற்றுவான், எழுத்தை மாற்றுவான், ஆபீஸுக்குப் போன் போட்டுப் பெருமை பேசுவான். அப்புறம் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். அழிக்கவும் மாட்டான். கம்ப்யூட்டரைப் போட்டால் கறுப்புத் திரையில் வரிசையாகப் பெயர்கள் வரும், எதற்குள் போக வேண்டும் என்று கேட்கும். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கறுப்புத் திரையைக் காட்டாமல் அனுப்பியதில்லை.

"ஒரே பெட்டிக்குள்ள ஏழு குடித்தனம்," என்பான். "உங்க வீட்டுல ஒண்ணே ஒழுங்கா ஓடல."

வந்தவர்கள் சிரிப்பார்கள். அடுத்தது அண்ணியின் முறை.

"இவளுக்கு விண்டோஸ் மட்டும்தான். அதுலயும் சக்கரம் சுத்துனா என்னைக் கூப்பிடுவா. என்ன பண்றது, ரேம் கம்மி."

மூளை கம்மி என்பதைத்தான் அப்படிச் சொல்கிறான். அதற்கும் சிரிப்பார்கள். அண்ணியும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "எதுக்கு அண்ணி பல்லைக் காட்டுறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "அழுதா இன்னொரு ஜோக் சொல்லுவாரு," என்றாள்.

அண்ணி தையல்காரி. சாதாரணத் தையல்காரி இல்லை. உடம்பு நேராக இருக்கிறவர்களுக்குத் தைக்க ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. அண்ணியிடம் வருகிறவர்கள் வேறு மாதிரி. விழுந்து எழுந்ததில் ஒரு தோள் இறங்கிப்போனவர்கள், பக்கவாதத்தில் ஒரு கையைத் தூக்க முடியாதவர்கள், சக்கர நாற்காலியிலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்கள், முதுகெலும்புக்குப் பட்டை கட்டிய ஒரு பள்ளிக்கூடத்துப் பெண், மார்பில் ஆபரேஷன் ஆன பிறகு கண்ணாடி பார்ப்பதையே விட்டுவிட்ட ஒரு டீச்சர். கடையில் வாங்கிய சட்டை இவர்களுக்குப் போட்டால் சாக்கு மாதிரி தொங்கும், இல்லையென்றால் கழுத்தைப் பிடிக்கும். அண்ணி அவர்களை உட்காரவைத்து, படுக்கவைத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே அளவெடுப்பாள். அவள் தைத்ததைப் போட்டுக்கொண்டு எழுந்தால் அந்த டீச்சர் டீச்சராகத் தெரிவார். அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்.

இந்த வெட்டுப் படங்களை, தொழிலில் பேட்டர்ன் என்பார்கள், முதலில் அவள் பழுப்புத் தாளில்தான் போட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் அண்ணன் தன் நண்பன் ஒருவனிடம், லினக்ஸில் எல்லாமே இலவசம், துணி வெட்டுவதற்குக்கூட மென்பொருள் இருக்கிறது என்று சவால் விட்டான். நிரூபிக்க வேண்டுமே! வரிசையில் நாலாவதாக இருந்த லினக்ஸில் அதைப் போட்டு, அண்ணியை இழுத்து உட்காரவைத்து, அரைமணி நேரம் சொல்லிக்கொடுத்தான். நண்பன் கைதட்டிவிட்டுப் போனான். அண்ணன் அத்தோடு அதை மறந்தான்.

அண்ணி மறக்கவில்லை. அவன் ஆபீஸ் போனதும் அந்த நாலாவதற்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். இங்கிலீஷ் அவளுக்குத் தட்டுத் தடுமாறித்தான் வரும். எதை அழுத்தினால் எது நடக்கிறது என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தே கற்றுக்கொண்டாள். தோள் அளவை மாற்றினால் கை பொருத்தும் வளைவு தானாகவே மாறிக்கொள்ளும் என்று தெரிந்த அன்று, சமையலறையில் இருந்த என்னை ஈரக்கையோடு இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். இப்படி ஆறு வருடம். வந்த ஒவ்வொரு உடம்பும் அதற்குள் ஒரு பேட்டர்னாக இருந்தது. செத்துப்போனவர்களுடையதும் இருந்தது. இறங்கிய தோளோடு அடுத்து ஒருவர் வந்தால், போனவரின் பேட்டர்னை எடுத்து அதிலிருந்து தொடங்குவாள். இதை அவள் ஒளித்துச் செய்யவில்லை. அண்ணன் கேட்கவில்லை, அவ்வளவுதான். தான் விட்டுவிட்ட இடத்தில் இன்னொருவர் குடியிருக்க முடியும் என்றே அவனுக்குத் தோன்றியிருக்காது.

அப்புறம் அந்த மேடம் வந்தார். ஆஸ்பத்திரிகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் துணி தைக்கும் ஒரு தொழிற்சாலையில் பேட்டர்ன் பிரிவுக்கு அவர்தான் தலைவி. பக்கவாதத்தில் கிடந்த தன் அப்பாவின் சட்டையைப் பார்த்துவிட்டு, இது யார் வெட்டியது என்று விசாரித்து, விலாசம் தேடி வீட்டுக்கே வந்துவிட்டார். அண்ணி நாலாவதைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார்.

"திங்கட்கிழமை இது எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு எங்ககிட்ட வேலைக்கு வந்துடுங்க," என்றார். "எங்க மேல இருக்கறவங்க சர்டிபிகேட் கேப்பாங்க. உங்ககிட்ட இல்ல. இதுதான் உங்க சர்டிபிகேட். இத மட்டும் நான் அவங்க முன்னாடி வச்சிட்டா வேற பேச்சே இருக்காது."

அவர் போனதும் அண்ணி என் கட்டிலின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்புறம், "எனக்குன்னு ஒரு மேசை குடுப்பாங்களாம்," என்றாள். இந்த வீட்டுக்கு வந்த நாளாக அவள் சாப்பாட்டு மேசையில்தான் துணி வெட்டுகிறாள். சாப்பாட்டு நேரம் வந்தால் எல்லாவற்றையும் சுருட்டி எடுத்துவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் அண்ணனிடம் சொன்னாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"என்ன ஃபைலு?"

"நீங்க போட்டுக் குடுத்தீங்களே, வரிசையில நாலாவது. அதுலதான் எல்லாம் இருக்கு."

அவன் கை நின்றது. "அதுலயா? அது இன்னுமா ஓடுது?"

"நல்லா ஓடுதுங்க. ஒருநாளும் தகராறு பண்ணுனதில்ல." அண்ணி அவனைப் பாராட்டுவதாக நினைத்துத்தான் சொன்னாள். "ஒரு பென் டிரைவ்ல காப்பி பண்ணிக் குடுத்துடுங்க. எனக்குப் பண்ணத் தெரியும், இருந்தாலும் நீங்க பண்ணா தப்பு வராது."

அண்ணனின் முகத்தை நான் பார்த்தேன். இரண்டே வாரத்தில் அவனுக்குச் சலித்துப்போன ஒன்றை அவள் ஆறு வருடம் ஓட்டியிருக்கிறாள், அதை வைத்து ஒரு வேலையும் வாங்கிவிட்டாள், அதுவும் அவனைக் கேட்காமல். ரேம் கம்மி என்று இனிமேல் யாரிடம் சொல்வான்?

"நாளைக்கு லீவுதானே," என்றான். "பண்ணித் தரேன்."

மறுநாள் காலையிலேயே அண்ணி முதியோர் இல்லத்துக்கு அளவு பார்க்கக் கிளம்பிவிட்டாள். எனக்கும் லீவு. அண்ணன் விசில் அடித்துக்கொண்டே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். என்ன செய்கிறாய் என்றதற்கு, சுத்தம் செய்கிறேன் என்றான்.

"இவ்ளோ எடம் சும்மா கெடக்குது. இங்க பாரு."

திரையில் பெட்டி பெட்டியாக வரிசை. விண்டோஸின் பெட்டிக்குப் பெயர் இருந்தது. மற்றவற்றுக்குப் பெயரில்லை. ஒவ்வொன்றுக்கும் நேராக, நூறு சதவீதம் காலி என்று போட்டிருந்தது. நான் மாத்திரை விற்கிறவள். காலி என்றால் காலி என்று நம்பினேன். ஒவ்வொரு பெட்டியிலும் மவுஸை அழுத்தினான், அழிக்கட்டுமா என்று கேட்டது, ஆமாம் என்றான். எல்லாம் போய் ஒரே பெரிய வெற்றிடம் வந்தது. அதைப் புது டிரைவாக ஆக்கினான். நடுவில் ஒருமுறை நிறுத்தி மறுபடி போட்டபோது கறுப்புத் திரை ஏதோ முரண்டு பிடித்தது, அதையும் ஐந்து நிமிடத்தில் சரிக்கட்டினான். கை தேர்ந்த கைதான், அதில் குறை சொல்ல முடியாது. சாயங்காலம், அவன் பல வருடமாகச் சேர்த்து வைத்திருக்கும் சினிமாப் படங்களை வெளி ஹார்டு டிஸ்க்கிலிருந்து புது டிரைவுக்குக் காப்பி போட்டுவிட்டு, காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தான். திரையில் பச்சைக் கோடு நகர்ந்துகொண்டிருந்தது.

அண்ணி வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. பச்சைக் கோட்டைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"அட, பாதி ஆயிடுச்சே! என்னோடது அவ்ளோ இருக்குதா?"

"உன்னோடது இல்ல," என்றான் அண்ணன். "படம்."

அவளுக்குப் புரியவில்லை. "அப்ப என்னோட ஃபைலு?"

"எந்த ஃபைலு? அதுல ஒண்ணுமே இல்லயே. நூறு சதவீதம் காலின்னு காட்டுச்சு. இவளும்தான் பாத்தா, கேளு." என்னைச் சாட்சிக்கு இழுத்தான்.

அண்ணி பையை மெதுவாகக் கீழே வைத்தாள். "விண்டோஸ்ல இருந்து பாத்தா எல்லா லினக்ஸும் காலின்னுதாங்க காட்டும்," என்றாள். "அதுக்கு லினக்ஸைப் படிக்கத் தெரியாது. எனக்கே தெரியும். உங்களுக்குத் தெரியாதா?"

ஆபீஸ் டாக்டர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டான். நான் நினைத்தேன், இப்போது மன்னிப்புக் கேட்பான் என்று. என் அண்ணனை எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை.

நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, எதிரே உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினான். "பயப்படாத. அழிச்ச உடனே எதுவும் போயிடாது. எது எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுங்கிற எல்லைதான் போயிருக்கு. உள்ள இருக்கிறது அப்படியே கெடக்கும். திருப்பி எடுக்கலாம். நான் எடுப்பேன்."

"அப்ப எடுங்க."

"எடுக்கறேன். அந்த வேலைக்குப் போறத மட்டும் விட்டுடு."

நான் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று முழுக்க நினைவில்லை. மனுஷனா நீ என்று கேட்டது நினைவிருக்கிறது. "இந்த வீட்டுல ஒரு ரூம்ல இருக்கறவ நீ," என்றான். "இருந்துட்டுப் போ." நான் அதற்குப் பிறகும் கத்தினேன். மழைக்குக் கதவைச் சாத்துகிற மாதிரி முகத்தைச் சாத்திக்கொண்டான்.

அண்ணியிடம் மட்டும் இதமாகப் பேசினான். அதுதான் அவன் வழக்கம். "நான் போகாதன்னு சொல்லல. உனக்கு எது வேணும்னு நீயே யோசி. ஃபைல் இல்லாம திங்கக்கெழம போனா அங்க என்ன மரியாத இருக்கும்? வெறுங்கையோட நிப்ப. போகலன்னா ஃபைலாவது உன்கூட இருக்கும். கணக்கு சுலபம்தானே?"

அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்தபடியே ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையவில்லை. அவன் அவசரப்படுத்தவில்லை. எதிரே உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான். நான் அண்ணியின் பக்கத்தில் போய், "விட்டுத் தள்ளுங்க, மறுபடியும் வரையலாம், நான் கூட இருக்கேன்," என்றேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"அந்தப் பட்டை கட்டுன பொண்ணு வளந்துட்டா. தோள் எறங்குன அந்தப் பெரியவரு செத்துட்டாரு. யாரப் பாத்து மறுபடியும் வரையறது?" என்றாள். அப்புறம் அண்ணனிடம் திரும்பி, "சரி, போகல. எடுத்துக் குடுங்க," என்றாள்.

அவனுக்கு அது போதவில்லை. "போன் பண்ணி சொல்லிடு. ஸ்பீக்கர்ல போடு."

அண்ணி போன் பண்ணினாள். மேடம் எடுத்ததும் சந்தோஷமாகப் பேச ஆரம்பித்துவிட்டார், ஜன்னல் பக்கத்து மேசையை ஒதுக்கச் சொல்லியிருப்பதாக. அண்ணி அவரை முடிக்கவிட்டாள்.

"என்னால வரமுடியாதுங்க மேடம்."

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க? வீட்டுல ஏதாவது..."

அண்ணன் விரலை ஆட்டினான்.

"வீட்டுல ஒண்ணும் இல்லீங்க. எனக்கே இஷ்டமில்ல."

"சரிம்மா," என்றார் மேடம். குரல் மாறிவிட்டது. "இன்னொருத்தங்க ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருந்தாங்க. திங்கட்கிழமையே அவங்கள வரச் சொல்லிடறேன்."

அண்ணன் திருப்தியாக எழுந்து, விரல்களைச் சொடக்கு எடுத்துக்கொண்டு, நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பினான். அப்படியே நின்றுவிட்டான்.

பச்சைக் கோடு முடிந்திருந்தது. டிரைவ் முழுக்க நிரம்பியிருந்தது.

அண்ணி வந்து நின்றபோது பாதிதான் ஆகியிருந்தது. அவன் பேரம் பேசிய நேரமெல்லாம், அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம், போன் பேசிய நேரமெல்லாம், அவனுடைய முதுகுக்குப் பின்னால் படங்கள் ஒவ்வொன்றாக வந்து அவளுடைய பேட்டர்ன்களின் மேல் உட்கார்ந்துகொண்டிருந்தன. தொலைந்ததை மீட்கும்வரை அந்த இடத்தில் எதையும் எழுதக் கூடாது என்பது அவன் தொழிலின் முதல் பாடமாம். ஆபீஸில் யாராவது அப்படிச் செய்தால் உரித்தெடுத்துவிடுவானாம். இதையெல்லாம் அவனே அப்புறம் வாய்க்குள் முணுமுணுத்தான். நிறுத்த ஒரே ஒரு பொத்தான் போதும். பெண்டாட்டியைப் பணியவைக்கும் சுவாரஸ்யத்தில் கையை நீட்ட மறந்துவிட்டான்.

ஞாயிறு முழுக்க உட்கார்ந்தான். உண்மையாகவே பாடுபட்டான், அதைச் சொல்லத்தான் வேண்டும். சாப்பிடவில்லை, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மீட்கிற மென்பொருள்களை மாற்றி மாற்றி ஓட்டினான். சில ஃபைல்களின் பெயர்கள் வந்தன, திறந்தால் உள்ளே குப்பை. அண்ணி பின்னால் நின்று ஒவ்வொரு பெயரையும் படித்து, அது யாருடையது என்று சொன்னாள். "இது டீச்சர். இது கையத் தூக்க முடியாத அந்த லாரி டிரைவர்." அவன் திறப்பான், ஒன்றும் இருக்காது, அடுத்ததற்குப் போவான். சாயங்காலம் ஒன்றே ஒன்று முழுசாகத் திறந்தது. ஒரு சட்டையின் காலர். யாருடைய சட்டை என்று காலரை மட்டும் பார்த்து அவளாலும் சொல்ல முடியவில்லை.

திங்கட்கிழமை காலையில் அண்ணி மேடத்துக்கு மறுபடியும் போன் பண்ணினாள். ஃபைல் இல்லை, ஆனால் வருகிறேன், ஓரமாக ஒரு இடம் கொடுத்தால் போதும் என்று கேட்டாள். அவள் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதே இல்லை. அந்த இன்னொரு பெண் காலையிலேயே வந்து சேர்ந்துவிட்டாள் என்று பதில் வந்தது.

அண்ணன் ஆபீஸுக்குக் கிளம்பி ஷூ கட்டிக்கொண்டிருந்தான். ஒரு ராத்திரி தூங்கி எழுந்ததில் அவனுடைய குற்றம் அவனுக்குச் செரித்துவிட்டிருந்தது.

"நீயும் ஒரு பேக்கப் எடுத்து வச்சிருக்கணும்," என்றான். "இவ்ளோ முக்கியமான விஷயத்த ஒரே எடத்துல யாராவது வைப்பாங்களா?"

"உன்கிட்டதானேடா அண்ணி அதக் கேட்டாங்க!" என்றேன். அவனை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அண்ணி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை, குரலிலும் கோபமில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்கிற மாதிரிதான் அவனிடம் கேட்டாள்.

"என்னோடது இருந்த எடத்துல இருக்கற படமெல்லாம் என்ன படங்க? நல்லா இருக்குமா?"

அண்ணன் ஷூ நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டான்.

"தெரியல," என்றான். "ஒண்ணுகூட இன்னும் பாக்கல."